பின்னால் ஒற்றை டயரா, இரட்டை டயரா?

பினாங்கு மாநிலத்தின் பிறை ஊரில் பல வருடம் லோரி ஓட்டினேன். இப்போது அதே கம்பெனியில் லோரிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. சொந்தமாகச் சின்ன லோரி எடுக்க நினைக்கும் தம்பிகள் வந்தால் முதல் கேள்வியே, "அண்ணே, பின்னால ஒத்த டயர் எடுக்கவா, ரெட்ட டயர் எடுக்கவா?" என்பதுதான். பின்னால் பக்கத்துக்கு ஒரு டயரா, ஜோடியாக இரண்டா என்று கேட்கிறார்கள். என்ன ஏத்தப் போற, எந்த ரோட்டில போகப் போற என்று நான் திருப்பிக் கேட்பேன்.

எத்தனை டன் என்பதை மட்டும் பார்த்து முடிவு செய்பவர்கள் அதிகம். சில டயர்களின் பக்கவாட்டில் 120/117 என்று போட்டிருக்கும். ஒரு டயர் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதற்கான குறியீடு அது. முதல் எண் டயரைத் தனியாக மாட்டினால், அடுத்தது ஜோடியாக மாட்டினால். 120 என்றால் 1,400 கிலோ, 117 என்றால் 1,285 கிலோ. ரோடு ஓரத்தில் சரிந்திருப்பதால் ஜோடியில் இரண்டு டயரும் பாரத்தைச் சமமாக வாங்குவதில்லை. அதனால்தான் குறைத்துப் போடுகிறார்கள். அப்படியும் நான்கு டயருக்கு 5,140 கிலோ வருகிறது, இரண்டு ஒற்றை டயருக்கு 2,800தான். ஆனால் டயர் தாங்கும் என்பதற்காக அச்சும் ஸ்பிரிங்கும் பிரேக்கும் தாங்கிவிடாது. வண்டிக்கு அனுமதித்த மொத்த எடையைத் தாண்டவே கூடாது.

தீவுக்குப் போகும் பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர். பத்து காவான் ஊரிலிருந்து போகும் இரண்டாம் பாலம் 24 கிலோமீட்டர். அலமாரி, அட்டைப் பெட்டி என்று உயரமாக அடுக்கிக்கொண்டு கடலுக்கு மேலே போகும்போது பக்கக்காற்று வண்டியைத் தள்ளுவது ஸ்டியரிங்கில் தெரியும். பின்பக்கம் அகலமாக நிற்கும் இரட்டை டயர் அங்கே கை கொடுக்கும். ஒன்று வெடித்தாலும் பக்கத்து டயர் வண்டியைச் சாயவிடாமல் பிடித்துக்கொள்ளும். மெதுவாக ஓரம் கட்டலாம். தினமும் லோடோடு பாலம் ஏறுபவருக்கு நான் வேறு யோசனையே சொல்வதில்லை.

தீவில் பாலிக் புலாவ் மலைப்பக்கத்து டுரியான் தோட்டங்கள் என்றால் கதை வேறு. மேலே காலியாக ஏற வேண்டும், குறுகிய மண் பாதை, மழை பெய்தால் சேறு. காலி வண்டியின் கொஞ்ச எடையும் நான்கு டயருக்குப் பிரிந்துவிடுவதால் பிடிப்பு குறைந்து சறுக்கும். ஒற்றை டயர் முன் சக்கரம் போட்ட தடத்திலேயே ஏறும். ஜோடிக்கு நடுவே கல் சிக்கி டயரை அறுக்கும் தொல்லையும் இல்லை. ஏற்றுவது குறைவு, தோட்டத்து வேலைதான் அதிகம் என்றால் ஒற்றையே போதும்.

இரட்டை எடுப்பவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது உள்டயரைப் பற்றி, அதாவது ஜோடியில் உள்பக்கம் இருக்கும் டயர். காற்று இறங்கினாலும் வெளியே தெரியாது, பாரத்தை வெளிடயர் சுமந்துகொண்டிருக்கும். இறங்கிய டயர் மடங்கி மடங்கிச் சூடேறி ஒரு நாள் வெடிக்கும். மொத்தப் பாரமும் மேலே விழுந்த வெளிடயரும் அதிக தூரம் தாங்காது. பாலத்தில் காப்பாற்றும் என்று நம்பி வாங்கியது அப்போது உதவாது. கட்டையால் தட்டிச் சத்தம் கேட்டால் போதும் என்று ஓட்டுநர்கள் சொல்வார்கள். முழுதாக இறங்கியிருந்தால் அது தெரியும், பாதி இறங்கியதைக் காது கண்டுபிடிக்காது. டயர் ஆறியிருக்கும் காலை நேரத்தில் காற்றழுத்த மீட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும். உள்டயர் வால்வுக்குக் கை எட்டாது என்பவர்களுக்கு நீட்டுக் குழாய் கிடைக்கிறது, விலையும் அதிகமில்லை.

அப்புறம், தேய்ந்த செலுப் டயரோடு (பழைய டயரில் மேல்ரப்பர் மட்டும் புதிதாக ஒட்டியது) புது டயரை ஜோடி சேர்க்காதீர்கள். உயரம் கூடியது பாரத்தை வாங்கிக்கொள்ளும், குட்டையானது ரோட்டில் உரசித் தேயும். மாற்றினால் ஜோடியாக மாற்றுங்கள். அந்தச் செலவுக்கு வழியில்லை என்றால், ஒற்றை டயர் லோரி எடுத்து லோடைக் குறைத்து ஓட்டுவதே மேல்.