செலினியம் முதலில், செபியா அப்புறம்: ஸ்ப்ளிட் டோனிங் பழகியதில் இதுவரை

ஸ்ப்ளிட் டோனிங் என்றால் கறுப்பு வெள்ளைப் படத்தின் வெளிச்சப் பகுதிக்கு ஒரு நிறச் சாயலும் நிழலுக்கு வேறொன்றும் கொடுப்பது. இதற்காகக் கொஞ்ச காலமாக ஒரே நெகட்டிவை இரண்டு வழியில் அச்சிட்டுப் பார்க்கிறேன். ஒன்று இருட்டறையில், இல்ஃபோர்டு மல்டிகிரேடு வார்ம்டோன் ஃபைபர் பேப்பரில். இன்னொன்று ஸ்கேன் செய்து, லைட்ரூம் மென்பொருளில் நிறமேற்றி, பிக்மென்ட் இங்க் பிரிண்டரில். படம் ஒரு கல்மண்டபம்: வெயில் படும் முன்வரிசைத் தூண்கள், அதற்குப் பின்னால் இருண்ட உள்பகுதி. வெளிச்சத்தில் இளம்பழுப்பும் நிழலில் கத்தரிப்பூ சாயல் கலந்த கறுப்பும் வேண்டும்.

லைட்ரூமில் இதற்கு அதிக நேரம் ஆகாது. முன்பு ஸ்ப்ளிட் டோனிங் என்று இருந்ததை 2020-இல் கலர் கிரேடிங் ஆக்கினார்கள். ஹைலைட்டுக்கு ஒரு நிறம், ஷேடோவுக்கு ஒரு நிறம், எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்க வேண்டும் என்பதற்கு பேலன்ஸ் ஸ்லைடர். பிடிக்காவிட்டால் பழையபடி ஆக்கிவிடலாம்.

இருட்டறை டிரேயில் வேலை வேறு. நன்றாகக் கழுவிய பிரிண்ட் முதலில் செலினியம் டோனருக்குள் (நிறம் மாற்றும் கரைசல், ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர்) போகிறது. கையுறை கட்டாயம், ஜன்னலும் திறந்திருக்க வேண்டும். அம்மோனியா நெடி சும்மா விடாது. கோடையில் குழாய்த் தண்ணீரே 30 டிகிரியைத் தாண்டிவிடுவதால் டோனர் மிக வேகமாக ஓடுகிறது. அதனால் டிரேயை ஐஸ் தண்ணீருக்குள் வைத்து 24-க்கு இறக்கிய பிறகே தொடங்குகிறேன். படத்தை உருவாக்கும் வெள்ளியில், அடர்ந்த நிழலில் இருப்பதுதான் முதலில் செலினைடாக மாறுகிறது. டோன் செய்யாத பிரிண்ட் ஒன்றை நனைத்துப் பக்கத்தில் வைத்தால்தான் மாற்றம் கண்ணுக்குப் பிடிபடும். தூணின் அடி நிழல் லேசாகச் சிவந்ததும் எடுத்து, கழுவி, ஃபெரிசயனைடு பிளீச்சுக்கு மாற்றுகிறேன். செலினைடாக மாறியதை பிளீச் தொடாது. மிச்சமிருக்கும் வெள்ளி மட்டும் வெளிறிய வெள்ளி உப்பாக மாறி, வெயில் பட்ட கல் வெளிறிய மஞ்சளாகிறது. மறுபடி கழுவி செபியா டோனரான தயோயூரியாவில் போட்டதும் சில விநாடிகளில் அது பழுப்பாகத் திரும்பி வருகிறது. சோடியம் ஹைட்ராக்சைடு கூடினால் கரும்பழுப்பு, குறைந்தால் மஞ்சள் பழுப்பு. நான் குறைத்தே வைக்கிறேன், கல்லுக்கு அதுதான் பொருந்துகிறது. பேலன்ஸ் ஸ்லைடர் செய்கிற வேலையை இங்கே செய்வது செலினியத்தில் விட்ட நேரம்.

இரண்டு பிரிண்டையும் பக்கத்தில் வைத்தபோது நிறம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனாலும் டிஜிட்டல் பிரிண்ட் தட்டையாக, மேலே சாயம் பூசினது மாதிரி தெரிந்தது. காரணம் புரிய 21 படி ஸ்டெப் வெட்ஜை (வெள்ளையிலிருந்து கறுப்புவரை படிப்படியாக இருளும் பட்டை) அதே இருட்டறைப் பேப்பரில் அச்சிட்டு, பாதியை மட்டும் டோன் செய்து, ஸ்கேன் செய்து லேப் எண்களை (ஒளியளவையும் நிறத்தையும் தனித்தனியே குறிக்கும் எண்கள்) ஒப்பிட்டேன். டிரேயில் நிறம் தனியாக மாறுவதில்லை, அடர்த்தியும் கூடவே நகர்கிறது. செலினியம் கறுப்பை இன்னும் கீழே இறக்குகிறது. செபியா வெளிச்சப் பகுதியைச் சற்றுக் கரைக்கிறது. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் செலினியத்தை விடாமல் பயன்படுத்தியதற்கு அந்தக் கறுப்பு ஒரு முக்கியக் காரணம். கலர் கிரேடிங்கில் நிறத்தை மட்டும் ஏற்றிவிட்டு அடர்த்தியை அப்படியே விட்டால் அந்த ஆழம் வராது.

எனவே இப்போது நிறத்துக்கு முன்னால் ஒரு கர்வ் (வெளிச்சம், இருட்டின் அளவை மாற்றும் வளைகோடு) போடுகிறேன்: அடிப்பகுதியை அழுத்தி, மேல்பகுதியை லேசாகத் தூக்கி. தூண்களுக்கு உருட்டு வந்துவிட்டது. இதிலிருந்து டிரேக்கும் ஒரு பாடம் கிடைத்தது. செபியாவுக்குப் போகும் பிரிண்டை வெளிச்சப் பகுதியில் சற்றுக் கருமையாகவே எடுக்க வேண்டும், கல்லின் உளித்தடம் அப்போதுதான் தங்கும்.

தீராத தொல்லை ஒன்று பாக்கி. கலர் இங்க்கில் எடுத்த பிரிண்ட் ஜன்னல் வெளிச்சத்தில் சரியாக இருக்கிறது, டியூப்லைட்டில் பச்சையடிக்கிறது. வெள்ளிப் பிரிண்டில் இது இல்லை. எப்சன் டிரைவரின் கறுப்பு வெள்ளை மோடில் பெருமளவு குறைகிறது, ஆனால் படம் முழுக்க ஒரே சாயல்தான் கொடுக்க முடியும். குவாட்டோன் ரிப் என்ற அச்சு மென்பொருளில் ஹைலைட்டுக்கும் ஷேடோவுக்கும் தனித்தனி கர்வ் கலக்கலாம் என்பதால் அடுத்து அதைத்தான் எடுக்கப்போகிறேன், இதே ஸ்டெப் வெட்ஜை அளவுகோலாக வைத்து.