பழுப்பை நம்பி ஏமாந்த நான்கு மாதம்

முதல் ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் வைத்தபோது சந்தோஷம் தாங்கவில்லை. எங்கு பார்த்தாலும் பழுப்பு. புற்றுச் செல்களைக் கொல்லும் நோய் எதிர்ப்புச் செல்களான சிடி8 டி செல்கள் கல்லீரல் புற்றுக்கட்டியின் ஓரத்தில் எங்கே நிற்கின்றன என்று பார்க்கத்தான் அந்தச் சாயம். இத்தனை பழுப்பு என்றால் கட்டியைச் சுற்றிப் பெரும் படையே நிற்கிறது என்றுதானே அர்த்தம்? மேடத்தைக் கூப்பிட ஓடினேன். டெக்னீஷியன் அண்ணா தலையைத் தூக்காமலே, "நெகட்டிவ் கன்ட்ரோல் பாத்தியாம்மா?" என்றார். பார்த்தேன். அந்தச் செல்களைத் தேடிப் பிடிக்கும் சிடி8 ஆன்டிபாடியே போடாத ஸ்லைடு. அதுவும் அதே பழுப்பு.

அப்படித்தான் ஆரம்பித்தது என் பிஎச்டி.

அறுவை சிகிச்சையில் எடுத்து மெழுகில் பதித்து வைத்த கட்டிகளின் பழைய பிளாக்குகளை வெட்டிச் சாயமேற்றி, கட்டியின் எல்லையில் எந்த எதிர்ப்புச் செல் எவ்வளவு இருக்கிறது என்று எண்ண வேண்டும். அந்த நோயாளிக்கு நோய் பரவியதா என்பதோடு அதை ஒப்பிட வேண்டும். அவ்வளவுதான் வேலை. எத்திக்ஸ் கமிட்டி அனுமதி, பிளாக் தேடல் எல்லாம் வழக்கமான இழுபறி, அதை விட்டுவிடுகிறேன்.

எல்லையை ஏன் பார்க்க வேண்டும் என்பது எனக்கே முதலில் புரியவில்லை. கட்டிதானே எதிரி, அதைப் பார்த்தால் போதாதா? மேடம் 2006இல் வந்த ஒரு கட்டுரையைக் கையில் கொடுத்தார். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்து ஆட்கள் கட்டியை ஒதுக்கி வைத்துவிட்டு, அதற்குப் பக்கத்தில் இருந்த புற்றில்லாத கல்லீரலில் எந்த ஜீன்கள் வேலை செய்கின்றன என்று அளந்திருந்தார்கள். கட்டி இரத்தக் குழாய்க்குள் பரவியவர்களின் கல்லீரல் திசு வேறு மாதிரி இருந்தது. தாக்கும் வகை எதிர்ப்புச் சமிக்ஞைகள் குறைந்து, அடக்கி வைக்கும் வகை ஏறியிருந்தது. 17 ஜீன்களை வைத்தே பரவுமா என்று கணிக்க முடிந்தது. கல்லீரல் புற்று பெரும்பாலும் முதலில் போர்ட்டல் சிரையின் (குடலிலிருந்து கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுவரும் குழாய்) கிளைகள் வழியாகக் கல்லீரலுக்குள்ளேயே பரவும், வெளியே போனால் அதிகம் நுரையீரலுக்கு. அந்தக் குழாய்கள் எல்லாம் பக்கத்துத் திசுவில்தானே ஓடுகின்றன. சரி, பாதி புரிந்தது.

ஆனால் என் ஸ்லைடு? தப்பு கல்லீரலிடமே இருந்தது. கல்லீரல் செல்களில் இயல்பாகவே பயோட்டின் என்ற வைட்டமின் ஏராளம். சாயமேற்றுமுன் பிளாக்கிலிருந்து வெட்டிய 4 மைக்ரான் சீவலை சிட்ரேட் கரைசலில் போட்டு குக்கரில் வேகவைப்போம் (வீட்டில் பருப்பு வேகவைக்கும் அதே குக்கர்தான், விசில் கணக்கு மட்டும் கிடையாது). அந்தச் சூட்டில் ஒளிந்திருந்த பயோட்டினும் வெளியே தலைகாட்டும். நான் எடுத்ததோ ஃபிரிட்ஜில் மிச்சமிருந்த அவிடின்-பயோட்டின் கிட், பயோட்டின் எங்கிருந்தாலும் ஒட்டிக்கொள்ளும். டி செல்லோ, சாதாரணக் கல்லீரல் செல்லோ, எல்லாவற்றையும் பாரபட்சமில்லாமல் பழுப்பாக்கியது. பயோட்டினே தேவைப்படாத பாலிமர் கிட்டுக்கு மாறியதும் களேபரம் அடங்கியது. புது கிட் வந்து சேரத்தான் இரண்டு மாதம்.

அடுத்த அடி பித்தம். சில கல்லீரல்களில் பித்த நிறமியும், வயதானால் சேரும் லிப்போஃபசின் என்ற நிறமியும் தாங்களாகவே பழுப்பு. மேக்ரோஃபேஜ்கள் என்ற விழுங்கு செல்களுக்காக சிடி68 ஆன்டிபாடி போட்டு, ஆசை ஆசையாக எண்ணியதில் ஒரு பங்கு பித்தம்! சந்தேகமான பிளாக்குகளுக்குச் சிவப்புச் சாயம் வைத்து மறுபடி செய்தேன்.

அழாத குறைதான். அப்போது மேடம் குப்ஃபர் கதையைச் சொன்னார். 1876இல் கார்ல் வில்ஹெல்ம் ஃபொன் குப்ஃபர், கல்லீரலில் நரம்பிழைகளைத் தேடித் தங்கக் குளோரைடு போட்டார். தெரிந்தவை நட்சத்திர வடிவச் செல்கள். கல்லீரலின் விழுங்கு செல்கள் அவைதான் என்று பின்னால் முடிவுகட்டினார், அந்தச் செல்களுக்கு அவர் பெயரும் நிலைத்துவிட்டது. ஆனால் தங்கம் பிடித்தது வைட்டமின் ஏ சேமிக்கும் வேறொரு செல்லை. அது தெளிவானது 1971இல். சாயத்தில் ஏமாந்த முதல் ஆள் நான் இல்லை என்று கொஞ்சம் தெம்பு வந்தது.

நான்காவது மாதம்தான் எண்ணத் தொடங்கினேன். நாங்கள் எண்ணியது சில டஜன் கேஸ்கள்தான், அதை வைத்துக் கொடி பிடிக்க முடியாது. ஆனால் எண்ணும்போது ஒன்று உறைத்தது: எத்தனை பேர் என்பதைவிட யார் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதைத்தான் கண் தேடுகிறது. 2007இல் ஷாங்காய்க் குழு 302 நோயாளிகளிடம் பார்த்ததும் எண்ணிக்கை மட்டும் போதாது என்பதைத்தான். கொல்லும் டி செல் மட்டும் போதவில்லை, அதைக் கட்டிப்போடும் ஃபாக்ஸ்பி3 செல்லுக்கும் அதற்கும் உள்ள விகிதத்தையும் பார்க்க வேண்டியிருந்தது. 2009இல் குவாங்சோவிலிருந்து வந்த கட்டுரை இன்னும் நேரடி. கட்டியின் ஓரத்தில் குவியும் மோனோசைட்டுகள் (மேக்ரோஃபேஜாக மாறக்கூடிய செல்கள்) பிடி-எல்1 என்ற புரதத்தை மேலே ஏந்திக்கொண்டு, வருகிற டி செல்களை முடக்குகின்றன. காவலுக்கு வந்தவன் கதவைத் திறந்துவிடுகிற கதை.

அதை என் கண்ணால் கிட்டத்தட்டப் பார்த்த ஸ்லைடு ஒன்று உண்டு. ஒரு சிறு போர்ட்டல் குழாய், அதற்குள் கட்டிச் செல்கள் ஒரு தக்கை மாதிரி. சுற்றிலும் சிடி68 மேக்ரோஃபேஜ்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. அதே இடத்தின் அடுத்த சீவலில் சிடி8 போட்டால், டி செல்கள் எல்லாம் குழாய்க்கு வெளியே நார்த்திசுவில் வரிசையாக. உள்ளே ஒன்றுகூட இல்லை. மேக்ரோஃபேஜ்கள்தான் தடுத்தன என்று இந்தப் படம் நிரூபிக்காது, தெரியும். ஆனாலும் அன்று மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டேன்.

நோயாளியின் கதை தெரியாமல் இரண்டு பேர் தனித்தனியாக எண்ணுவது எங்கள் முறை. எனக்கும் சீனியர் அக்காவுக்கும் பெரும்பாலும் ஒத்துப்போனது. 31ஆம் கேஸில் மட்டும் இன்னும் சண்டை. அவர் மேக்ரோஃபேஜ் என்கிறார், நான் பித்தம் என்கிறேன். சிவப்புச் சாயம் தீர்ந்துவிட்டது, ஆர்டர் போட்டிருக்கிறோம்.