மீட்டர்ஸின் முதல் ஆல்பம்: பாடகர் இல்லாத 12 பாட்டு

ஃபங்க், அதாவது தாளத்தை முன்னால் வைக்கிற கறுப்பின அமெரிக்க நடன இசை, என்றதும் எல்லாரும் பாடகர் ஜேம்ஸ் பிரவுனிடம்தான் போவார்கள். போகட்டும், அவர் இல்லாமல் இந்த இசையே இல்லை. ஆனால் யாராவது என்னிடம் எதில் ஆரம்பிக்கலாம் என்று கேட்டால், அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் குழுவான தி மீட்டர்ஸ் 1969-இல் ஜோசி ரெக்கார்ட்ஸில் வெளியிட்ட முதல் ஆல்பத்தைத்தான் கையில் கொடுப்பேன். ஆல்பத்தின் பெயரும் 'தி மீட்டர்ஸ்'தான்.

மொத்தம் நாலே பேர். ஆர்கனில் ஆர்ட் நெவில், கிட்டாரில் லியோ நொசென்டெல்லி, பேஸ் கிட்டாரில் ஜார்ஜ் போர்ட்டர் ஜூனியர், டிரம்ஸில் ஸிகாபூ மாடலிஸ்ட். போர்பன் தெரு கிளப்பில் வாசித்துக்கொண்டிருந்தவர்களை இசைத் தயாரிப்பாளர் ஆலன் டூசான்ட் தன் ஸ்டூடியோ பதிவுகளுக்கு அழைத்துக்கொண்டார், அப்புறம் லீ டோர்சி போன்ற பாடகர்களுக்குப் பின்னால் கேட்டதெல்லாம் இவர்கள் கைதான். இதில் எனக்குத் தீராத ஆச்சரியம், ஆர்ட் நெவில் 1954-லேயே 'மார்டி கிரா மாம்போ' பாடி ஊரெல்லாம் பெயர் வாங்கியவர், அப்படிப்பட்ட ஆள் தன் குழுவின் முதல் ஆல்பத்தில் பாடாமல் ஆர்கனோடு அடங்கி உட்கார்ந்திருக்கிறார்.

'சிஸ்ஸி ஸ்ட்ரட்' பாட்டில் ஒரு கூவல் வரும், அதைத் தவிர குரலே இல்லை. கிட்டாரும் பேஸும் ஒரே வரியைச் சேர்ந்து வாசிக்கின்றன, வரி முடிந்ததும் சட்டென்று நிறுத்திவிடுகின்றன, அந்த இடத்தில் டிரம்ஸின் ஹை-ஹாட் என்ற ஜோடித் தாளத்தட்டும் ஸ்நேர் என்ற சின்ன டிரம்மும் மட்டும் நடந்துபோகும். ஸ்நேர் அடி நாம் எதிர்பார்க்கிற இடத்தில் விழாது, கொஞ்சம் முன்னாலோ பின்னாலோதான் விழும், ஆனாலும் கால் தானாகத் தாளம் போடும். இது அந்த ஊர்த் தெருவிலிருந்து வந்தது. நியூ ஆர்லியன்ஸ் ஊர்வலங்களில் பித்தளை வாத்தியக் குழுவுக்குப் பின்னால் ஆடிக்கொண்டே வருகிற கூட்டத்துக்கு 'செகண்ட் லைன்' என்று பெயர், அங்கே பெரிய டிரம்மை ஒருவர் அடிப்பார், ஸ்நேரை இன்னொருவர் அடிப்பார். ஸிகாபூ அந்த இரண்டு பேரையும் ஒரே ஆளாகத் தன் கைகால்களுக்குள் கொண்டுவந்துவிட்டார்.

நாலு பேரில் ஒருவர்கூட வெற்றிடத்தை நிரப்ப அவசரப்படவில்லை என்பதுதான் இந்த ஆல்பத்தின் பலம். சோலோ எடுத்துக் கலக்க வேண்டிய வயது அவர்களுக்கு, அந்தத் திறமையும் இருந்தது, இருந்தும் அடுத்தவர் வாசிக்க வழிவிட்டு நிற்கிறார்கள்.

எல்லாமே சமமாக இல்லை என்பதும் உண்மை. 'ஸ்டார்மி' அப்போது ஹிட்டான ஒரு பாப் பாட்டு, அதை இவர்கள் வாசிக்கும்போது அழகாக இருக்கிறது, ஆனால் முதுகெலும்பு இல்லை. ஃபங்க் பாடகர் ஸ்லை ஸ்டோனின் பாட்டை எடுத்து வாசித்தது அதைவிட எவ்வளவோ மேல்.

'சிஸ்ஸி ஸ்ட்ரட்' பில்போர்டு பத்திரிகையின் ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் ப்ளூஸ்) ஹிட் பட்டியலில் 4-ஆம் இடம் வரை போனது. பிற்பாடு ஹிப்-ஹாப்காரர்கள் மீட்டர்ஸின் டிரம்ஸை வெட்டியெடுத்துத் தங்கள் பாட்டுகளில் நிறையவே பயன்படுத்தினார்கள். கேட்பதானால் போன் ஸ்பீக்கர் வேண்டாம், பேஸ் காணாமல் போய்விடும். நல்ல ஹெட்போனில் முதலில் 'சிஸ்ஸி ஸ்ட்ரட்', அடுத்து 'லைவ் வயர்', பிறகு 'ஈஸ் பேக்', இந்த வரிசையில் கேளுங்கள்.