டிஎல்பி வரியில் ஓடிய எண்கள்

இன்று காலை, மந்தமாகிவிட்ட ஒரு லினக்ஸ் சர்வரில் குறுக்கீடுகளின் (செயலியின் வேலையை இடைநிறுத்தும் சமிக்ஞைகளின்) பட்டியலைத் திறந்தபோது, ‘டிஎல்பி ஷூட்டவுன்’ வரியிலிருந்த எண்கள், நான் ஒரு வாய் தேநீர் குடிப்பதற்குள் ஆயிரக்கணக்கில் ஏறியிருந்தன.

நிரல் சொல்லும் நினைவக முகவரி உண்மையில் எங்கே இருக்கிறது என்ற மொழிபெயர்ப்பைச் செயலியின் ஒவ்வொரு கோரும் (கணக்கிடும் அலகும்) தன்னருகே வைத்துக்கொள்ளும் சிறிய கேஷ்தான் டிஎல்பி. நிரலின் ஒரு த்ரெட் (இணையாக ஓடும் பகுதி) நினைவகத்தைத் திருப்பிக் கொடுத்தால், அதே நிரலை ஓட்டும் மற்ற கோர்களுக்கும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் குறுக்கீடு அனுப்பி, பழைய பதிவுகளை அவை அழித்து முடிக்கும்வரை காத்திருக்கிறது. இதுதான் ஷூட்டவுன்.

இன்டெல் வகைச் செயலிகளில் 33 பக்கங்கள்வரை (ஒரு பக்கம் என்பது 4 கேபி நினைவகத் துண்டு) ஒவ்வொன்றாக அழிக்கும். அதைத் தாண்டினால் டிஎல்பி மொத்தத்தையும் துடைத்துவிடும்.

எங்கள் நிரலோ ஒவ்வொரு கோரிக்கைக்கும் 256 கேபி, அதாவது 64 பக்கங்கள், கெர்னலிடம் நினைவகம் கேட்கும் எம்மேப் அழைப்பு வழியாக வாங்கி உடனே விடுவித்துக்கொண்டிருந்தது. (எழுதியவன் நான்தான்.)

ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) மாறும்போதெல்லாம் டிஎல்பியைக் காலி செய்யும் வழக்கத்தை, எந்தப் பதிவு எந்த ப்ராசஸுக்குரியது என்று காட்டும் பிசிஐடி அடையாள எண்களைக் கொண்டு 2017இல் லினக்ஸ் 4.14 பெருமளவு குறைத்தது. ஆனால் நிரலே கேட்டு வாங்கும் துடைப்பைக் கெர்னல் எப்படித் தவிர்க்கும்?

விடுவிக்காமல் அதே இடத்தை மறுபடி பயன்படுத்தும்படி மாற்றினேன். மாலையில் அந்த வரி ஏறக்குறைய அசையாமல் நின்றது.