நின்னீங்கல்ல தம்பி

நத்தை விற்ற அந்த அக்கா கேட்டது ஒரே ஒரு கேள்வி. பதில் சொல்ல நான் எடுத்துக்கொண்டது இரண்டு விநாடி, மிஞ்சிப்போனால் மூன்று. ஏழு வருடம் ஓடிவிட்டது. வேறு எத்தனையோ மறந்துபோச்சு, இது மட்டும் மறக்கமாட்டேன் என்கிறது.

ஐப்பசி மழை கொஞ்சம் விட்டிருந்த காலை. வடவாற்றுக் கரையோரம் சாக்கு விரித்து, அன்னக்கூடை நிறைய நத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு கிலோ கேட்டேன்.

"உரிச்சுத் தரவா தம்பி?"

"இல்லக்கா, ஓட்டோட வேணும். ஆராய்ச்சிக்கு."

"நத்தையில என்ன ஆராய்ச்சி?"

"கதிரியக்கம் எவ்வளவு இருக்குன்னு பாக்குறோம்க்கா."

"கல்பாக்கத்துல இருக்குதே, அதா?"

"அது வேறக்கா. இது மண்ணுல இயற்கையாவே இருக்குறது."

கை நத்தையை அள்ளிக்கொண்டே இருந்தது. அப்புறம் நின்றது. "எம் பேத்திக்கு வாரத்துல ரெண்டு நாள் இதத்தான் சூப்பு வச்சுக் குடுக்குறேன். குடுக்கலாம்ல?"

இங்கேதான் அந்த இரண்டு விநாடி. அதற்குப் பிறகு நான் சொன்னது: "ரிசல்ட் வரட்டும்க்கா. வந்ததும் நானே வந்து சொல்றேன்."

சொன்னதில் தவறான வார்த்தை எது என்று பலமுறை தேடியிருக்கிறேன். எதுவும் இல்லை. அளக்காமல் ஒன்றைச் சொல்லக்கூடாது என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், நானும் அப்படித்தான் நடந்துகொண்டேன். நோட்டில் எழுதியிருக்கிறேன்: "காலை 7.20, வடவாறு, நத்தை 2 கிலோ." சேகரித்த நாளை எழுதியே ஆகவேண்டும், ஏனென்றால் நாங்கள் அளக்கும் பொலோனியம்-210 என்னும் கதிரியக்கப் பொருளின் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், 138 நாள். அளக்கத் தாமதமானால் கணக்கைப் பின்னோக்கித் திருத்த வேண்டும். நேரம், இடம், எடை எல்லாம் அந்த நோட்டில் இருக்கிறது. அவர் கேட்ட கேள்வி இல்லை.

பொலோனியம் எங்கிருந்து வருகிறது என்று அன்றைக்கே ஐந்து நிமிடம் உட்கார்ந்து சொல்லியிருக்கலாம். எந்த மண்ணிலும் துளி யுரேனியம் உண்டு. அது படிப்படியாகச் சிதைந்து ரேடியமாகி, ரேடான் என்னும் வாயுவாகி மண்ணிலிருந்து கசிந்து காற்றில் கலக்கும். அங்கே அது ஈயம்-210 ஆகி, மழையோடும் தூசியோடும் திரும்ப இறங்கும். அந்த ஈயத்திலிருந்துதான் பொலோனியம். உரமாகப் போடும் பாஸ்பேட்டிலும், அதற்கு மூலமான பாறையிலேயே யுரேனியம் இருப்பதால், இந்த வரிசையில் ஏதாவது ஒன்று கொஞ்சமாவது ஒட்டிக்கொண்டு வரும். திருச்சிப் பக்கம் காவிரியில் பொலோனியம் எப்படிப் பரவியிருக்கிறது என்று 1990-களிலேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அதாவது அந்த அக்காவின் பாட்டி நத்தை தின்ற காலத்திலும் நத்தையில் இது இருந்தது. புதிதாக யாரும் கொண்டுவந்து கொட்டவில்லை.

இதையெல்லாம் தெரிந்துவைத்திருந்தும் ஏன் நின்றேன்? அவர் "இருக்கா" என்று மட்டும் கேட்டிருந்தால் உடனே பதில் சொல்லியிருப்பேன். "குடுக்கலாம்ல" என்று கேட்டார். அந்தப் பதிலுக்கு நான் பொறுப்பேற்க வேண்டும். எனக்கு அப்போது இருபத்தாறு வயசு, ஒப்பந்த வேலை, மேலே கேட்காமல் ஒரு வார்த்தை வெளியில் சொல்லக்கூடாது என்ற உத்தரவு. பயந்தேன். அதை இப்போது ஒப்புக்கொள்ள முடிகிறது. ஆனால் அது வெறும் பயமா, கொஞ்சம் நேர்மையும் கலந்ததா என்பதில்தான் இன்னும் எனக்குள் தகராறு.

பொலோனியத்தை அளப்பது சட்டென்று முடிகிற வேலையில்லை. நத்தையை ஓட்டிலிருந்து எடுத்து, காய வைத்து, அமிலத்தில் கரைத்து, அந்தக் கரைசலைச் சூடாக வைத்து அதில் ஒரு வெள்ளித் தகட்டைத் தொங்கவிடுவோம். பொலோனியம் தானாகப் போய் வெள்ளியில் படியும். ஒரு ரூபாய் நாணயம் அளவுத் தகடு. படிந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது. அதைக் கருவிக்குள் வைத்து, பொலோனியம் வெளிவிடும் ஆல்பாத் துகள்களை எண்ண வேண்டும், ஒரு தகட்டுக்கு ஒரு நாள் முழுக்கப் போகும். இருந்தது ஒரே கருவி, அதற்கு வரிசை. நத்தையின் முறை வந்தபோது பொங்கல் முடிந்திருந்தது.

முடிவில் பயப்படுகிற மாதிரி ஒன்றும் இல்லை. இந்த மாதிரி மெல்லுடலிகளில் வேறு இடங்களிலும் காண்பதுதான். ஆனால் ஒரு விஷயம் இருந்தது, அதைக் கண்டதும் எனக்கு அந்த அக்காவின் கைதான் ஞாபகம் வந்தது. நத்தையை வேகவைத்து, ஊக்கால் குத்திச் சுழற்றி இழுத்தால் சதை முழுசாக வெளியே வரும். முன்பக்கம் கெட்டியான கறி. பின்பக்கம் சுருண்டு, பச்சையும் கறுப்புமாகக் கொழகொழவென்று இருக்கும். எங்கள் பக்கத்துப் பெண்கள் கட்டைவிரல் நகத்தால் அதைக் கிள்ளித் தூர எறிந்துவிட்டு, மிச்சத்தை மஞ்சளும் கல்லுப்பும் போட்டு ஏழெட்டுத் தண்ணீர் அலசுவார்கள். அந்தப் பச்சைப் பகுதியில்தான் செரிமானச் சுரப்பி இருக்கிறது. நத்தையின் உடம்பில் பொலோனியம் அதிகம் சேருவதும் அங்கேதான். கெட்டிக் கறியில் அதைவிட மிகக் குறைவு. நான் இரண்டரை மாதம் அமிலத்தோடு கிடந்து கண்டுபிடித்ததை அந்தக் கட்டைவிரல் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தது. "வாலைக் கிள்ளிட்டுத்தானேக்கா குடுக்குறீங்க, அப்ப தாராளமாக் குடுங்க" என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் அது உண்மையாகவும் இருந்திருக்கும். அளக்கும் முன் அது எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். நண்டு, இறால், மட்டி என்று எதை எடுத்தாலும் பொலோனியம் அந்தச் சுரப்பியில்தான் சேரும் என்று பாடமாகவே படித்திருக்கிறேன். கேள்வி வந்த நேரத்தில் பாடம் வாய்க்கு வரவில்லை.

முடிவை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன். அந்த இடத்தில் அவர் இல்லை. பக்கத்தில் கீரை விற்றவரிடம் விசாரித்தேன். "நத்தை யாரு வாங்குறா தம்பி இப்ப? கரண்டு மாதிரி என்னமோ ஏறியிருக்குன்னு காலேஜுலேர்ந்து வந்து சொல்லிட்டுப் போனாங்கல்ல." காலேஜுலேர்ந்து வந்ததாக அவர் சொன்ன ஆள் நான்தான் என்று அவருக்குத் தெரியாது. எண்ணெய்க்குக் குழாய் போட்டதால் வந்தது என்று இன்னொருவர் சேர்த்துக்கொண்டார். எங்கள் ஊர்களில் மண்ணுக்குள் எதைப் போட்டாலும் எடுத்தாலும் ஜனங்களுக்குப் பயம் இருக்கிறது. அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது. என்னுடைய இரண்டு விநாடி அந்தப் பயத்தில் போய் விழுந்திருக்கிறது.

அக்காவைக் கண்டது நூறு நாள் வேலை நடந்த வாய்க்காலில். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நான் சொன்னதையெல்லாம் கேட்டார். ஒன்றும் இல்லை, நல்லாச் சாப்பிடலாம் என்றேன். "சரி" என்றார். கொஞ்சம் பொறுத்து, "பேத்திக்கு அன்னியோட நிறுத்திட்டேன் தம்பி. நீங்க சொன்னீங்கல்ல" என்றார்.

"நான் அப்படிச் சொல்லவே இல்லையேக்கா. ரிசல்ட் வரட்டும்னுதானே சொன்னேன்."

"சொல்லலதான். ஆனா நின்னீங்கல்ல தம்பி."

கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அதன்பிறகு, இந்தத் துறையில் மற்றவர்கள் இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்தார்கள் என்று தேடித் தேடிப் படித்தேன். என்னை நானே விடுவித்துக்கொள்ளத்தான் படித்தேன் என்று இப்போது தோன்றுகிறது. பசிபிக் கடலில் உள்ள பிகினித் தீவில் அமெரிக்கா அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தது. 1968-ல் அங்கே திரும்பிப் போகலாம் என்று அறிவித்தார்கள். சில குடும்பங்கள் போயின. அந்த மண்ணில் பொட்டாசியம் குறைவு. குண்டு வெடித்ததில் வந்த சீசியம்-137 என்னும் கதிரியக்கப் பொருள் பொட்டாசியம் மாதிரியே நடந்துகொள்ளும். அதனால் தென்னை அதை உறிஞ்சி இளநீரிலும் தேங்காயிலும் சேர்த்துவிட்டது. அதைக் குடித்த ஜனங்களின் உடம்பில் ஏறியது. 1978-ல் எல்லோரையும் மறுபடி வெளியேற்றினார்கள். அளந்து முடிக்கும் முன் "போகலாம்" என்று சொன்னதன் விலை அது. இதைப் படித்த அன்று எனக்குப் பெரிய ஆறுதல். நான் நின்றது சரிதான் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

அப்புறம் சுவீடன் கதை வந்தது. 1986 ஏப்ரல் 26 அன்று சோவியத் நாட்டில் செர்னோபில் அணு உலை வெடித்தது. மேகம் வடக்கே போய் மழையாக இறங்கியது. அங்கே லைக்கன் என்று பாசி மாதிரி ஒன்று, வேர் கிடையாது, காற்றிலும் மழையிலும் வருவதை வாங்கி உயிர் வாழும். வந்த சீசியத்தையும் அப்படியே வாங்கிக்கொண்டது. பனிக்காலத்தில் பனிமானுக்கு அதுதான் தீனி. பனிமானை நம்பித்தான் அங்கே வடக்கில் வாழும் சாமி என்ற பழங்குடி மக்கள். கிலோவுக்கு 300 பெக்கெரலுக்கு (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) மேல் இருந்தால் விற்கக்கூடாது என்று விதித்தார்கள். ஆயிரக்கணக்கான மான்களை அறுத்து, தின்னாமல் ஒதுக்கினார்கள். அடுத்த வருடம், 1987-ல், அதே இறைச்சிக்கு வரம்பை 1500 ஆக உயர்த்தினார்கள். அதற்குக் காரணம் இருந்தது. பனிமான் கறியை நாட்டில் பெரும்பாலானவர்கள் எப்போதாவதுதான் தின்பார்கள், வரம்பு கடுமையாக இருந்தால் ஒரு வாழ்க்கைமுறையே அழிந்துவிடும் என்று யோசித்தார்கள். நியாயமான யோசனைதான். ஆனால் சீசியம்-137-இன் அரை ஆயுள் முப்பது வருடம். ஒரு வருடத்தில் மானுக்குள் இருந்த சீசியம் ஐந்தில் ஒன்றாகிவிடவில்லை. மாறியது காகிதத்தில் இருந்த எண். "அளவு பாக்கணும்க்கா" என்று நானும் என் மனசுக்குள் சொல்லிக்கொண்டேனே, அந்த அளவு இந்த மாதிரி நாலு பேர் உட்கார்ந்து பேசி வைக்கிறதுதான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. தூக்கம் திரும்பப் போயிற்று.

ஜப்பானில், 2011-ல் அணு உலை விபத்து நடந்த ஃபுகுஷிமாவில் இன்னொரு வழி பிடித்தார்கள். வயலுக்குப் பொட்டாஷ் கூடுதலாகப் போட்டு நெற்பயிர் சீசியத்தை எடுக்காமல் தடுத்தார்கள். நம் விவசாயிகள் எல்லோருக்கும் தெரிந்த அதே பொட்டாஷ். 2012-லிருந்து அந்த மாவட்டத்து அரிசி மூட்டைகளை ஒன்றுவிடாமல் கருவியில் ஏற்றி அளந்தார்கள், வருடத்துக்கு ஒரு கோடி மூட்டை அளவுக்கு. வாங்குகிறவர் கேட்கும்போது விற்கிறவர் நிற்க வேண்டியதில்லை. எங்களிடம் இருந்ததோ ஒரு கருவி, ஒரு வரிசை.

வடுவூர் ஏரிப் பக்கம் போனால் நத்தைகுத்தி நாரையைப் பார்க்கலாம். அலகு மூடினாலும் நடுவில் சந்து தெரியும். சேற்றில் துழாவி நத்தையை எடுத்து, அலகு நுனியை ஓட்டுக்குள் விட்டு, சதையை உருவி விழுங்கிவிடும். வாலைக் கிள்ளி எறியாது. அந்தப் பச்சைப் பகுதியும் சேர்ந்துதான் உள்ளே போகும். வரப்பில் காலி ஓடுகள் கிடக்கும். பல காலமாக இப்படித்தான் தின்கிறது, குஞ்சு பொரிக்கிறது. செர்னோபில் பக்கம் மனிதர்கள் வெளியேறிய நிலத்தில் ஓநாய்களும் மான்களும் நடமாடுவதைப் பதிவு செய்திருக்கிறார்கள். அதே நிலத்தில் தகைவிலான் குருவிகளின் உடம்பில் அங்கங்கே வெள்ளை இறகு முளைத்ததையும் பதிவு செய்திருக்கிறார்கள். இரண்டையும் ஒரே மனசில் வைத்துக்கொள்ள எனக்குச் சிரமமாக இருக்கிறது. ஒன்றைக் காட்டி அந்த அக்காவுக்கு தைரியம் சொல்லலாம், இன்னொன்றைக் காட்டிப் பயமுறுத்தலாம். அவருடைய நத்தைக்கு இரண்டுமே சம்பந்தமில்லாதவை. ஆனால் கதிரியக்கம் என்ற ஒரே வார்த்தையைச் சொன்னதும் அவ்வளவும் சேர்ந்து அவர் கூடைக்குள் வந்து விழுந்துவிட்டது. அந்த வார்த்தையை அங்கே கொண்டுபோனது நான்.

அடுத்த வருடம் அவர் மறுபடி கூடையோடு கரைக்கு வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். பேத்திக்கு மறுபடி சூப்பு வைத்தாரா என்று தெரியாது. போய்க் கேட்கவில்லை. இரண்டு முறை அந்த வழியாகப் பஸ்ஸில் போயிருக்கிறேன், இறங்கவில்லை.

இப்போதும் இதே வேலைதான். இப்போது என்னிடம் தயாராக ஒரு பதில் இருக்கிறது. என்ன பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் "மண் பரிசோதனை" என்பேன். யாருக்கும் பயமில்லை, யாருடைய வியாபாரமும் கெடுவதில்லை. அது சரியென்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன மாதம் கொள்ளிடக்கரையில் நத்தையைப் பையில் போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு பையன் வந்து நின்றான், ஆறாவதோ ஏழாவதோ படிக்கிற வயசு. என்னண்ணே பண்றீங்க என்று கேட்டான். மண் பரிசோதனை தம்பி என்றேன், ஒரு விநாடிகூட நிற்காமல்.

அவன் பையை எட்டிப் பார்த்தான். "மண்ணுன்னா ஏண்ணே நத்தைய எடுத்துக்கிட்டுப் போறீங்க?"