அசிசியில் ஓர் ஒட்டுப்போட்ட அங்கி

இத்தாலியின் அசிசிக்குப் போகிறவர்கள் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது, ரயில் நிலையம் அந்த ஊரில் இல்லை என்பதே. அது கீழே, சமவெளியில் இருக்கிறது. குன்றின் மேலுள்ள ஊருக்கு நகரப் பேருந்து ஓரிரு யூரோவில் கொண்டுபோய் விடும். இது தெரியாமல் நிலைய வாசலில் நின்ற வாடகைக் காரில் ஏறி, பத்து நிமிடப் பயணத்துக்கு 25 யூரோ அழுதேன். மீட்டரைப் பற்றிக் கேட்டபோது ஓட்டுநர் காது கேளாதவர்போல் பெட்டியை இறக்கி வைத்தார்.

அந்தக் கோபத்தோடுதான் புனித பிரான்சிஸ் பேராலயத்துக்குள் நுழைந்தேன். அனுமதி இலவசம் என்றதும் பாதி தணிந்தது. மீதியைத் தணித்தது, கீழ்க்கோயிலை ஒட்டிய அறையில் கண்ணாடிக்குப் பின்னால் விரித்து வைத்திருக்கும் அவருடைய அங்கி. சாம்பல் நிறக் கம்பளித் துணி. ஒட்டின்மேல் ஒட்டாக, எது மூலத்துணி என்று கண்டுபிடிக்க முடியாத அளவுக்குத் தைத்திருக்கிறார்கள். துணி வியாபாரியின் மகனாகப் பிறந்து, தந்தை தொடுத்த வழக்கில் ஆயர் முன்னிலையில் உடுத்தியிருந்ததையும் கழற்றிக் கொடுத்துவிட்டவர், தாம் தொடங்கிய துறவற சபையின் சகோதரர்கள் பணத்தைக் கையாலும் வாங்கக்கூடாது என்று விதித்தவர், இதைத்தான் உடுத்தினார். மேல்கோயிலின் 28 சுவரோவியங்களை ஊரே புகழ்கிறது. எனக்கு அந்த ஒட்டுகளே போதுமாக இருந்தன.

கல்லறை கீழ்க்கோயிலுக்கும் கீழே. 1226 அக்டோபர் 3 மாலை இறந்தவரின் உடலை 1230இல் இங்கே கொண்டுவந்து, யாரும் திருடிவிடாதபடி மறைத்துவிட்டார்கள். 1818இல் 52 இரவுகள் தோண்டித்தான் மீண்டும் கண்டெடுத்தார்கள். இரும்புப் பட்டைகள் இறுக்கிய கற்பேழையைச் சுற்றி நான்கு தோழர்களும் அடங்கியிருக்கிறார்கள்.

மதியம், கல்லில் சுட்ட 'தோர்த்தா அல் தெஸ்தோ' என்ற தடித்த ரொட்டிக்குள் கீரை வதக்கலும் பாற்கட்டியும் வைத்துக் கொடுத்தார்கள். நம்மூர் அடைக்கு அண்ணன் என்று சொல்லலாம். வாடகைக் காருக்குக் கொடுத்த பணத்தில் மூன்று முழுச் சாப்பாடு சாப்பிட்டிருக்கலாம் என்ற கணக்கும் கூடவே வந்தது.

திரும்பும்போது பிடிவாதமாக நடந்தே இறங்கினேன். கீழே, தூதர்களின் அன்னை பேராலயத்தின் மாபெரும் குவிமாடத்துக்கு அடியில் போர்சியுங்குலா என்ற சிற்றாலயம் நிற்கிறது. ஒரு வீட்டுக் கூடத்தைவிடப் பெரிதில்லை. சபை வளர்ந்தது அங்கே. தம்மை வெறுந்தரையில் கிடத்தச் சொல்லி அவர் உயிர்விட்ட இடமும் அதையடுத்தே இருக்கிறது. அதன்மேல் இவ்வளவு பெரிய கோயிலைக் கவிழ்த்திருக்க வேண்டாம் என்பது என் எண்ணம். ஆனாலும் ரயிலுக்கு நேரமாகும்வரை எழ மனமில்லை.

நிலைய வாசலில் அதே கார், அடுத்த ஆளுக்காகக் காத்து நின்றது.