பி-வகை வில்லையை என்-வகை என்று சாதித்த சால்டரிங் அயர்ன்

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்ற பத்தாம் எண் சிலிக்கான் துண்டு நேற்று இரவு வழிக்கு வந்துவிட்டது.

பழைய சாமான் விற்பவரிடம் எடைக்கு வாங்கிய சிலிக்கான் துண்டுகள் பதினொன்று. போரான் கலந்த பி-வகை (மின்சாரத்தைச் சுமப்பவை துளைகள், அதாவது எலக்ட்ரான் இல்லாத காலியிடங்கள்) எது, பாஸ்பரஸோ ஆர்சனிக்கோ கலந்த என்-வகை (சுமப்பவை எலக்ட்ரான்கள்) எது என்று பிரிக்க வழக்கமான சூட்டுமுனைச் சோதனைதான்: மீட்டரின் சிவப்பு முனை சால்டரிங் அயர்ன் சூட்டில், கருப்பு குளிர்ச்சியில். மீட்டர் நேர்குறி காட்டினால் என்-வகை, எதிர்குறி என்றால் பி-வகை. ஒன்பது துண்டுகள் பத்து நிமிடத்தில் முடிந்தன. ஆர்சனிக் அள்ளிக் கொட்டிய 0.003 ஓம்-செ.மீ. (மின்தடைத்திறனின் அலகு; கலப்பு கூடினால் இந்த எண் குறையும்) துண்டு 6 மில்லிவோல்ட்டைத் தாண்டவில்லை, 5 ஓம்-செ.மீ. துண்டோ 30 வரை போனது. கலப்பு கூடினால் மின்னழுத்தமும் கூடும் என்று நினைப்பவர்கள் கவனிக்கவும், நடப்பது நேர்மாறு.

பத்தாவதின் உறையில் ‘பி, 1000 ஓம்-செ.மீ.’ என்று எழுதியிருந்தது. மீட்டரோ பிடிவாதமாக நேர்குறி காட்டியது. உப்புத்தாளால் ஆக்சைடைச் சுரண்டினேன். விளக்கொளியே மின்னழுத்தம் உண்டாக்குமே என்று கறுப்புத் துணி போர்த்தினேன். அயர்னின் பிளக்கையும் பிடுங்கிவிட்டு அளந்தேன். அசையவில்லை. உறையில் எழுதியவரை மனதுக்குள் வைதேன்.

தவறு என்னுடையது. 1000 ஓம்-செ.மீ. என்றால் கன சென்டிமீட்டருக்குப் போரான் அணுக்கள் 10¹³ சொச்சம்தான். என் அயர்ன் 350 டிகிரி. அந்தச் சூட்டில் சிலிக்கான் தானாகவே 10¹⁵-க்கும் மேல் எலக்ட்ரான்–துளை ஜோடிகளைப் பெற்றெடுக்கும். போரான் இருந்த இடமே தெரியாது. இரண்டும் சம எண்ணிக்கை என்றாலும் எலக்ட்ரான் துளையைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு சுறுசுறுப்பு. ஆகவே எலக்ட்ரானின் குறியே மேலே வரும்.

அயர்னை 200-க்குக் குறைத்தும் பயனில்லை. கடைசியில் டீக்கு வைத்த கொதிநீரில் நான்கு அங்குல ஆணியைப் போட்டு, இடுக்கியால் எடுத்துத் துடைத்து, சிவப்புக் கிளிப்பை மாட்டி அழுத்தினேன். −14 மில்லிவோல்ட்! ஆணி ஆறுவதற்குள் மூன்று முறை பார்த்துவிட்டேன்.

பதினொன்றாவது, உடைந்த சூரிய மின்கலம். மேலே பாஸ்பரஸ் அடுக்கு, கீழே போரான் உடல். நீல நைட்ரைடு பூச்சு மின்சாரத்தை விடாது; சுரண்டினால் ஒரு மைக்ரான்கூட இல்லாத பாஸ்பரஸ் அடுக்கும் சேர்ந்து போய்விடுகிறது. இரண்டு இடத்தில் கெடுத்துவிட்டேன்.

இதற்கிடையில் நான்குமுனை அளவி (வரிசையாக நான்கு ஊசிகளை அழுத்தி மின்தடையை அளக்கும் கருவி) கட்டும் ஆசை வேறு. ரிச்சி தெருவில் வாங்கிய ஸ்பிரிங் ஊசிகள் நன்றாகவே இருக்கின்றன. அக்ரிலிக்கில் நான் போட்ட துளைகள்தான் கோணல். இடைவெளி சமமாக இல்லாவிட்டால் மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்து 4.53-ஆல் பெருக்கும் அந்தக் கணக்குக்கு அர்த்தமே இல்லை. வேறு அக்ரிலிக் துண்டு வாங்க வேண்டும். மின்கலம் அதுவரை டப்பாவில் கிடக்கட்டும்.